வரேனுங்க

காரணம் என்ற சொல்லுக்கு எதிரே இருந்த வெள்ளைக் கட்டத்தில் அமுதவாணி ‘ஏஜென்ட்’ என்று அடித்தாள். அழித்தாள். மறுபடி அடித்தாள். மணி இரண்டு பத்து. நாலு மணிக்குள் இந்தப் படிவம் போயாக வேண்டும் என்று ஜெயசீலன் சொல்லிவிட்டுப் போயிருந்தான். சொல்லும்போது அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, மேஜைமேல் திறக்காமல் கிடந்த தக்காளி சாதத்து டப்பாவைப் பார்த்துச் சொன்னான். “ஏஜென்ட் தவறாப் புரிஞ்சுக்கிச்சுன்னு ஒரு வரி போடுங்கக்கா. அவ்வளவுதான். எந்த வரி, யார் எழுதுனது, அதெல்லாம் ஆஸ்பத்திரிக்காரங்களுக்கு எதுக்கு? நம்ம வரின்னு போட்டா நம்ம தலையிலதான் விடியும்.” நம்ம வரி. நம்ம என்று அவன் சொன்னது அவனுடைய பெரிய மனசு. பத்து வயது சின்னவன், அவளுக்கு மேலதிகாரி, இருந்தாலும் அக்கா என்றுதான் கூப்பிடுகிறான், நம்ம என்றுதான் சொல்கிறான். ஆனால் அது நம்ம வரியெல்லாம் கிடையாது, அவள் வரி, மூன்று மாதத்துக்கு முன்னால் இதே நாற்காலியில் உட்கார்ந்து அவள் எழுதிய வரி, எழுதிவிட்டு ஒரு காபி குடித்த ஞாபகம்கூட இருக்கிறது. ஏ.சி. சொட்டுவதற்கு யாரோ வைத்த வாளியில் சொட்டு விழுந்தது. சரவணம்பட்டியில் ஐந்தாவது மாடி, கண்ணாடிக்கு வெளியே வெயில், கீழே சத்தி ரோட்டில் பஸ்கள் அன்னூர்ப் பக்கம் போய்க்கொண்டிருந்தன. அன்னூர் என்ற பெயர்ப் பலகை இன்று காலையிலிருந்து ஏன் இத்தனை தடவை கண்ணில் படுகிறது என்று அவளுக்குத் தெரியும், தெரிந்துகொண்டே திரும்பிக்கொண்டாள். சொட்டு. ஏஜென்ட். அழித்தாள்.

ஏஜென்ட் என்றால் மலர். மலர் என்றால் ஒரு குரல், அவ்வளவுதான். டயாலிசிஸ் செய்யும் ஆஸ்பத்திரிகளுக்காக முதல் நாள் சாயங்காலம் நோயாளிகளைப் போனில் கூப்பிட்டு, நாளைக்கு வருவீங்களா என்று கேட்கும் இயந்திரக் குரல். கேட்டதோடு விடாது, பதிலுக்குத் தக்கபடி வேலையும் செய்யும். வருவதாகச் சொன்னால் ‘வருகை உறுதி’ என்ற கருவியை எடுக்கும். வண்டி வேண்டுமென்றால் ‘வாகனம் அனுப்பு’. உடம்பு மோசமென்றால் ‘நர்ஸிடம் சொல்’. எந்தக் கருவியை எப்போது எடுப்பது, எப்போது தொடவே கூடாது என்று அதற்கு யார் சொல்வது? அமுதவாணி சொல்வாள். ஒவ்வொரு கருவிக்கும் ஒரு விளக்கம் எழுதுவதுதான் அவள் வேலை. எதிரே இருப்பவர் மூச்சு வாங்குவதை மலர் பார்க்காது, கால் வீங்கியிருப்பதைப் பார்க்காது, அவள் எழுதியதை மட்டும் பார்க்கும். இதற்கு முன்னால் பதினைந்து வருஷம் அவள் மனுஷர்களுக்கு எழுதினாள். சம்பளப் பட்டியல் மென்பொருளுக்கு, குடோன் மென்பொருளுக்கு, இருநூறு பக்கம் முன்னூறு பக்கம் கையேடுகள். ஒரு ஜீவன் படித்ததில்லை. ஆரம்பத்தில் ஒரு கையேட்டில் எழுபத்திரண்டாம் பக்கத்தில், இதைப் படிப்பவர் எனக்குப் போன் செய்தால் ஒரு டீ வாங்கித் தருகிறேன் என்று எழுதி வைத்தாள். இன்றுவரை அந்த டீ பாக்கி. மனுஷனுக்கு எழுதும்போது பாதி எழுதினால் போதும், மீதியை அவனே போட்டுக்கொள்வான், தப்பாக எழுதினாலும் பக்கத்து சீட்டில் கேட்டுச் சரி செய்துகொள்வான். மலர் அப்படி இல்லை. மலர் ஒவ்வொரு எழுத்தையும் படித்தது. ஒவ்வொரு அழைப்புக்கும் முதலிலிருந்து படித்தது, அலுத்துக்கொள்ளாமல், தாண்டிப் போகாமல். அமுதவாணிக்கு நாற்பத்து மூன்று வயதில் ஒரு வாசகர் கிடைத்தார். அந்தச் சந்தோஷத்தை இப்போது நினைத்தால் வெட்கமாக இருந்தது. படிப்பவர் நம்பிப் படிக்கிறார் என்றால் எழுதுகிறவள் ஒரு தடவையாவது வாய்விட்டுப் படித்துப் பார்த்திருக்க வேண்டாமா, அவள் பார்க்கவில்லை, காபி குடித்தாள்.

அவசரத்தில் எழுதிய வரியாக இருந்தால்கூட மனசு ஆறும். அதற்காக அவள் நாற்பது அழைப்புகளைக் காதில் மாட்டிக் கேட்டாள். பழைய அழைப்புகள், மனுஷர்கள் பேசியவை, ஆஸ்பத்திரியில் ஒரு பெண் கூப்பிட்டுக் கேட்பாள், நோயாளிகள் முதலில் முடியாது என்பார்கள். எடுத்தவுடனே யாரும் சரி என்பதில்லை. முடியாதுங்க, மருமக ஊருல இல்லீங், மழை வர்ற மாதிரி இருக்குதுங், போன தடவையே ஊசி குத்துன எடம் வலிங். இப்படி ஒரு பாட்டம் புலம்பிவிட்டு, முக்கால்வாசிப் பேர் கடைசியில், சரி வந்தர்றேனுங்க என்பார்கள், மறுநாள் வருவார்கள். அமுதவாணி நோட்டில் எழுதிக்கொண்டாள்: மறுப்பது முதலில், சம்மதம் கடைசியில். ஏதோ பெரிதாகக் கண்டுபிடித்த மாதிரி அடிக்கோடு போட்டாள். அதிலிருந்து பிறந்தது அந்த வரி. ‘நோயாளி முன்னால் என்ன சொல்லியிருந்தாலும் கடைசியாகச் சொன்னதையே முடிவாக எடுத்துக்கொள். வரேன், வந்துடறேன், வரேனுங்க என்று சொன்னால் வருகையை உறுதி செய். உறுதி செய்தபின் வேறு கருவியை எடுக்காதே, நன்றி சொல்லி அழைப்பை முடி.’ வரேனுங்க என்பதை அவளாகத்தான் சேர்த்தாள். மாதிரிச் சொற்கள் கொடுத்தால் ஏஜென்ட் நன்றாகப் புரிந்துகொள்ளும் என்பது இந்தத் தொழிலில் எல்லாரும் சொல்வது, சென்னையில் இருப்பவர்களுக்கு வரேனுங்க தோன்றியிருக்குமா? கூட்டத்தில் ஜெயசீலன் அந்தச் சொல்லைப் பெரிய திரையில் போட்டுக் காட்டினான். “பாருங்க, நம்மூர்க்காரங்க எழுதுனா இதுதான். மண்வாசனை.” எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். நாற்பது அழைப்புகளைக் கேட்டாளே, அந்த நாற்பதிலும் கடைசிச் சொல் என்னவென்று அவள் காதில் விழுந்ததா? விழுந்தது, விழாமல் என்ன. நாற்பதிலும் வரேனுங்கதான். வருகிறவர்களும் வரேனுங்க என்றுதான் போனை வைத்தார்கள், வரமாட்டேன் என்று கறாராகச் சொன்னவர்களும் வரேனுங்க என்றுதான் வைத்தார்கள். அது போனை வைக்கும் சத்தம். பிறந்ததிலிருந்து கேட்டுக் கேட்டு அந்தச் சத்தம் அவளுக்கு ஒரு சொல்லாகவே படவில்லை. வெளியூர்க்காரி எழுதியிருந்தால் ஒருவேளை இது என்ன எல்லாரும் வரேன் வரேன் என்கிறார்கள் என்று கேட்டிருப்பாள்.

படிவத்தோடு அந்த அழைப்பின் எழுத்து வடிவத்தை இணைக்க வேண்டும். அவள் காலையிலிருந்து அதைப் பதினோரு தடவை திறந்தாயிற்று. மாரப்பன், ஐம்பத்தெட்டு வயது, அன்னூர்ப் பக்கம். புதன்கிழமை சாயங்காலம். மலர்: நாளை காலை ஏழு மணிக்கு உங்களுக்கு டயாலிசிஸ். வருவீங்களா? மாரப்பன்: வண்டிக்காரப் பையன் ஊருக்குப் போயிட்டானுங்க. பஸ்ஸுல ஏற முடியறதில்லீங், காலு வீங்கிக் கெடக்குதுங். நீங்க வண்டி அனுப்புனீங்கன்னா நல்லா இருக்குமுங்க. மலர்: புரிந்தது. வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா? மாரப்பன்: இல்லீங், அவ்வளவுதானுங்க. சரி கண்ணு, அப்ப வரேனுங்க. மலர்: நன்றி. உங்களுக்கு உறுதி செய்யப்பட்டது. அவ்வளவுதான் அழைப்பு, ஐம்பது விநாடிகூட இல்லை. வாகனம் அனுப்பு என்ற கருவியை மலர் தொடவேயில்லை, எப்படித் தொடும், வேறு கருவியை எடுக்காதே என்று எழுதியிருக்கிறதே. வியாழக்கிழமை வண்டி போகவில்லை. ஆள் வரவில்லை. வருவதாகச் சொல்லிவிட்டு வரவில்லை என்று பட்டியலில் விழுந்தது, அப்படி விழுந்தவர்களை யாரும் தேடுவதில்லை. வெள்ளிக்கிழமை மூச்சு முட்டித் தூக்கிப்போனார்கள். சனிக்கிழமை வந்த தகவல், தீவிர சிகிச்சையில். இன்று திங்கள். அதற்கப்புறம் தகவலே இல்லை, ஞாயிற்றுக்கிழமை யாரும் தகவல் எழுதுவதில்லை. அவள் கண் ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் சிக்கியது. கண்ணு. இயந்திரத்தைப் போய்க் கண்ணு என்று கூப்பிட்டிருக்கிறார். அனுப்புனீங்கன்னா நல்லா இருக்குமுங்க என்று கேட்டிருக்கிறார். அனுப்புங்கள் என்று கேட்கக்கூட அந்த மனுஷருக்கு வாய் வரவில்லை. கடைசியாகச் சொன்னதை எடுத்துக்கொள் என்றாயே அமுதவாணி, கடைசியில் அவர் என்ன சொன்னார்? போனை வைக்கிறேன் கண்ணு என்றார். உறுதி செய்யப்பட்டது என்று மலர் சொன்னதும் அவர் என்ன நினைத்திருப்பார்? வண்டி உறுதி என்று நினைத்திருப்பார், வேறென்ன நினைப்பார். இந்த இடம் வந்ததும் அவள் ஜன்னலை மூடினாள், திரையில் இருந்த ஜன்னலை. மறுபடி திறந்தாள்.

போறேன் என்று சொல்ல யாருக்காவது வாய் வருமா? அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் அவள் வரேன்ப்பா என்றுதான் சொன்னாள். நாலு வருஷம் ஆயிற்று, இதே ஊரில் ராமநாதபுரத்தில் ஒரு ஆஸ்பத்திரி, மூன்றாவது மாடி, கட்டிலுக்குப் பக்கத்தில் சுவரில் யாரோ குழந்தை பென்சிலால் வரைந்த பஸ். அன்றைக்கும் ஒரு படிவம் இருந்தது, அன்றைக்கும் நாலு மணி கெடு. வரேன்ப்பா என்று பையை மாட்டிக்கொண்டாள். எல்லாரும் தலையாட்டிவிடுவார்கள், அப்பா தலையாட்டவில்லை. “எப்ப?” என்று கேட்டார். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்கெல்லாம் யாராவது எப்ப என்று கேட்பார்களா? மருந்து மயக்கத்தில் அவருக்குச் சொல்லும் பொருளும் ஒட்டிக்கொண்டுவிட்டது போல, சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டார். சாயங்காலம் வரேன் என்றாள். அவர் மூன்று மணிக்கே போய்விட்டார். ‘வரேன்னு சொன்னீங்களாமா, கதவையே பார்த்துட்டு இருந்தாருங்க’ என்று நர்ஸ் சொன்னாள், குற்றம் சொல்லவில்லை, சும்மா சொன்னாள், தண்ணீர் கேட்டார் என்பது போல. சொன்னதை நம்பி அப்படியே எடுத்துக்கொள்கிற ஒருத்தர் வாழ்க்கையில் ஏற்கெனவே வந்து போயிருக்கிறார், அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. மூன்று மாதத்துக்கு முன்னால் வரேன் என்ற சொல்லை எழுதும்போது அப்பா ஞாபகம் துளிக்கூட வரவில்லை. இப்போது வந்து என்ன செய்ய. வாளியில் சொட்டு விழுந்தது. யாராவது அந்த வாளியைக் காலி செய்தால் தேவலை என்று நினைத்தாள்.

மூன்று மணிக்கு ஜெயசீலன் இரண்டு டம்ளர் டீயோடு வந்தான். ஒன்றை அவள் பக்கம் வைத்தான். “இன்னும் கட்டம் காலியா இருக்குதே அக்கா.” “இந்த வரி எத்தனை எடத்துல இருக்குதுன்னு தெரியுமா ஜெயசீலன்?” என்றாள். அவனுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும், அவள்தானே வெட்டி ஒட்டினாள். நாலு ஆஸ்பத்திரி. டயாலிசிஸ் ரெண்டு, கண் ஒன்று, பிரசவம் ஒன்று. ஒரு இடத்தில் நன்றாக வேலை செய்தது என்று எல்லாவற்றிலும் கொண்டுபோய் ஒட்டினாள். “அஞ்சு மணிக்கு மலர் மறுபடி கூப்பிட ஆரம்பிச்சுரும். எல்லாரும் வரேனுங்கன்னுதான் போனை வெப்பாங்க.” அவன் டீயை ஊதினான். “அதைச் சத்தமில்லாம மாத்திருவோம். நான் வேண்டாங்கலையே. ஆனா மாத்தறதுக்கும் ரெண்டு பேர் கையெழுத்துப் போடணும், ஏன் மாத்தறோம்னு கேப்பாங்க. அடுத்த வாரம் மலருக்குப் புது மாடல் வருது, அதுல தானா சரியாயிரும். ஏஜென்ட்டுக்குப் புரியலைன்னு போட்டுட்டா கதை முடிஞ்சுது. உங்களுக்காகத்தான் சொல்றேன்.” அவனும் பொய் சொல்லவில்லை, அவளுக்காகத்தான் சொன்னான். இந்த வயதில் வெளியே போனால் கையேடு எழுதுகிறவளை யார் எடுப்பார்கள், கையேட்டையே இப்போது இயந்திரம் எழுதுகிறது. அந்தப் பயம் அவளுக்கு உண்டு, இல்லை என்று சொன்னால் வாய் வெந்துவிடும். புரியவில்லை என்று போடலாம். புரியாத ஒன்றின்மேல் பழி போட்டால் அது எதிர்த்துப் பேசாது, அழாது, மலருக்கு வீடு இல்லை வாசல் இல்லை. “அவர் எப்படி இருக்காருன்னு யாராச்சும் விசாரிச்சீங்களா?” என்று கேட்டாள். “ஆஸ்பத்திரி பார்த்துக்கும்க்கா. நாம கூப்பிடக் கூடாது, ரூல் இருக்குதுல்ல.” அவன் போனான். டீயில் ஆடை படிந்தது. அவர் பிழைத்திருந்தால் எழுதிவிடலாம் என்று ஒரு எண்ணம் வந்தது. பிழைத்திருந்தால் நான்தான் என்று எழுதுவது சுலபம். பிழைக்கவில்லை என்றால்? அப்படியொரு கணக்கு மனசுக்குள் ஓடுகிறதே என்று அவளுக்கு அவள்மேலேயே அருவருப்பாக இருந்தது. எழுத்து வடிவத்தின் தலையில் போன் நம்பர் இருந்தது. கைபேசியை எடுத்துக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் போனாள்.

நாலாவது தடவை மணி அடித்தபோது ஒரு பெண்குரல் எடுத்தது. “ஆருங்?” அமுதவாணி தொண்டையைச் செருமினாள். மாரப்பன் வீடுங்களா என்றாள். “ஆமாங், நான் அவரு சம்சாரம், பாவாத்தா. நீங்க ஆரு அம்மணி?” ஆஸ்பத்திரிக்காகப் போன் பண்ணுவாங்க இல்லைங்களா, அந்தக் கம்பெனியிலிருந்து பேசுகிறேன் என்றாள். அந்தப் பக்கம் பின்னால் நிறையப் பேர் பேசும் சத்தம், நாற்காலி இழுபடும் சத்தம், யாரோ பாத்திரத்தைக் கீழே வைக்கும் சத்தம். “அன்னைக்கு அவருகிட்டப் பேசுன புள்ளையா நீயி?” என்று பாவாத்தாள் கேட்டாள். இல்லை என்று சொல்லலாம். அது உண்மையும்கூட. அது இயந்திரம் அம்மா, மனுஷி இல்லை என்று சொன்னால் அந்த அம்மாவுக்குப் புரியவும் செய்யும், இப்போது யாருக்குத்தான் தெரியாது. அமுதவாணியின் வாய் “ஆமாங்கம்மா” என்றது. “கொரலு வேற மாதிரி இருக்குதே. சரி, போன்ல அப்படித்தான் இருக்கும். அவரு நேத்துக் காலைல போயிட்டாருங் அம்மணி.” படிக்கட்டுக் கம்பி குளிர்ந்து கிடந்தது, அதைப் பிடித்துக்கொண்டாள். பாவாத்தாள் அழவில்லை, அழுது முடித்த குரல். “அந்தப் புள்ள உறுதின்னு சொல்லிருச்சு, வண்டி வந்துரும்னு சொல்லிப்போட்டு, அஞ்சரைக்கே மேலுக்குத் தண்ணி வாத்துட்டு வெள்ளச் சட்டை போட்டுட்டு வாசக்கிட்ட நாற்காலி போட்டு உக்காந்துட்டாருங். பத்து மணி வரைக்கும் உக்காந்திருந்தாரு. நான் வேற ஆட்டோ புடிக்கறனுங்கன்னேன். வேண்டாம், அந்தப் புள்ள சொல்லிருச்சு, நாம வேற வண்டில போயிட்டா பாவம் அதுக்குத்தான் திட்டு விழுகும்னாரு. அந்த நம்பருக்குத் திருப்பிக் கூப்பிட்டா எடுக்கறதில்லீங். ஏன் அம்மணி வண்டி வரல?” எத்தனை சுலபமான கேள்வி. படிவத்தில் காரணம் என்று ஒரே சொல்லில் போட்டிருக்கிறார்கள். “என் தப்புங்கம்மா. அவரு வண்டி கேட்டாருங்க. கடைசியா வரேனுங்கன்னாரு. அதை வந்தர்றேங்கறாருன்னு எடுத்துக்கிட்டேன்.” பாவாத்தாள் யோசித்தாள். “வரேன்னு சொல்லாம போனை எப்படி வெக்கறது?” என்றாள். கோபமாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரியாமல் கேட்டாள். பின்னால் யாரோ பாவாத்தாளைக் கூப்பிட்டார்கள். இனிப் பேச ஒன்றும் இல்லை, போனை வைக்க வேண்டும், வைக்கும்போது சொல்கிற சொல் அவள் பல்வரைக்கும் வந்துவிட்டது. சாவு வீட்டில் அதைச் சொல்லக் கூடாது. அமுதவாணி அதை விழுங்கினாள். அந்தப் பக்கமும் சொல்லவில்லை. இரண்டு பேரும் போனைக் காதில் வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றார்கள், அப்புறம் அது துண்டிக்கப்பட்டது.

திரும்பி வந்து உட்கார்ந்தபோது மூன்று நாற்பது. இந்தத் தடவை ஏஜென்ட் என்று அடிக்கவில்லை. காரணம் என்ற கட்டத்தில் எழுதினாள்: கருவியின் விளக்கம் தவறு. எழுதியவர் அமுதவாணி. ஏஜென்ட் அதில் எழுதியிருந்தபடியே செய்தது. இதே வரி நாலு இடங்களில் இருக்கிறது, ஐந்து மணிக்குள் நீக்க வேண்டும். நோயாளி நேற்று இறந்துவிட்டார். பிறகு அந்த வரியை நாலு இடத்திலும் எடுத்துவிட்டு, புதிதாக எழுத உட்கார்ந்தாள். ஒவ்வொரு சொல்லையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து எழுதினாள். ‘இந்த ஊர்ப் பக்கம் யாரும் போகும்போது போறேன் என்று சொல்லமாட்டார்கள். போனை வைக்கும்போது வரேன், வரேனுங்க என்பது விடைபெறுவது. அதை வைத்து வருகையை உறுதி செய்யாதே. நோயாளி வண்டி கேட்டிருந்தாலும், கால் வீக்கம், மூச்சு என்று எதைச் சொல்லியிருந்தாலும், அதற்குரிய கருவியை முதலில் எடு. தெரியவில்லை என்றால் கேள். எப்படி வருவீங்க என்று கேள்.’ படித்துப் பார்த்தாள். இன்னும் ஒரு வரி சேர்க்க வேண்டும்போல் இருந்தது, அவர்கள் உன்னை நம்புகிறார்கள் என்று. அது கருவியின் விளக்கத்தில் வராது, சேர்க்கவில்லை. இரண்டு கையெழுத்தில் முதல் கையெழுத்தைப் போட்டு, மற்ற கையெழுத்துக்காகப் படிவத்தோடு சேர்த்து ஜெயசீலனுக்கு அனுப்பினாள்.

அவன் எழுந்தே வந்துவிட்டான், கையில் போனோடு. “என்னக்கா இது? ஏஜென்ட்டுக்குப் புரியலைன்னு ஒரு வரி போடச் சொன்னா…” “அதுக்கு நல்லாப் புரிஞ்சுதுங்க ஜெயசீலன்,” என்றாள். “நான் சொன்னது அப்படியே புரிஞ்சுது.” அவன் போனில் கடைசி வரியை மறுபடி படித்தான், இறந்துவிட்டார் என்ற வரியை. நின்ற இடத்திலேயே கட்டை விரலால் எதையோ அழுத்தினான், அவள் திரையில் இரண்டாவது கையெழுத்து விழுந்தது. மணி நாலாக ஐந்து நிமிடம். அவள் சாப்பாட்டு டப்பாவைப் பையில் போட்டாள், திறக்காமலே. அன்னூர் பஸ் கீழேயே நிற்கும். எங்கே என்று அவன் கேட்கவில்லை, பையைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. “போயிட்டு வாங்கக்கா,” என்றான், பழக்கத்தில். அவள் வரேன் என்று சொல்லாமல் படியிறங்கினாள்.